வாசற்படிக்கு வெளியே தமிழ்

மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சலவைக்கடையின் மேல்மாடியில் 1931-ஆம் வருஷம் ஆங்கிலப் பாஷாபிவிருத்திக் கழகம் தொடங்கப்பட்டது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்காக ஏற்பட்ட கழகம் என்பதால் பெயர்ப்பலகையை ஆங்கிலத்தில் மட்டும் எழுதினார்கள். முதல் இரண்டு வாரம் மாணவர்களில் பாதிப்பேர் சலவைக்கடைக்குள் நுழைந்து, இங்கிலீஷ் எங்கே என்று விசாரித்தார்கள். பொறுத்துப் பார்த்த சலவைக்காரர், கரித்துண்டால் சுவரில் ஓர் அம்புக்குறி போட்டு 'மேலே' என்று தமிழில் எழுதிவைத்தார். கழகத்தின் செயலாளர் வந்து தம் கைக்குட்டையாலேயே அதை அழித்தார்.

அப்படி விசாரித்து மேலே ஏறியவர்களில் சபாபதியும் ஒருவன். ரயில்வே கூட்ஸ் செட்டில் மூட்டை இறக்குபவன், வயது முப்பத்தாறு. அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூட்ஸ் செட்டிலும் ஒரு பட்டியல் தயாராகிவந்தது. வண்டிகளின் நம்பரையும் சரக்கின் பெயரையும் ஆங்கிலத்தில் குறித்துவைக்கத் தெரிந்த சிலரை மட்டும் நிறுத்திக்கொள்வார்களாம். அதற்கு ஆங்கிலம் தெரியும் என்று ஒரு பத்திரம் காட்ட வேண்டுமாம். மற்றவர்களுக்கு நாகப்பட்டினத்துக்கு இலவசக் கப்பல் சீட்டு.

"ரெண்டு புள்ளையும் இங்கதான் பொறந்துச்சு. அங்க போயி யாரு வீட்டு வாசல்ல நிக்கிறது?" என்றாள் அவன் மனைவி லெட்சுமி. "வெக்கப்படாம போயி படிங்க."

திறப்பு விழாவில் செயலாளர் சிவக்கொழுந்து பேசினார். அவர் ஓர் ஆபீசில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. வெள்ளைக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் அணிந்து, மேஜைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"மகா ஜனங்களே! இன்று முதல் இந்த அறைக்குள் ஆங்கிலம் தவிர வேறு பாஷை கிடையாது. தமிழ் நமக்குத் தாய். தாயை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருவதே உத்தியோகத்துக்கு அழகு. ஒரு சொல்லின் அர்த்தத்தை நம் பாஷையில் கேட்டால் அந்தச் சொல் கெட்டுப்போய்விடும். இது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த முறை. அவர்களுடைய குழந்தைகள் ஒரு வார்த்தை தமிழ் தெரியாமலேயே ஆங்கிலம் கற்றுக்கொள்வதைக் கவனியுங்கள்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பேச்சு ஒன்றேகால் மணி நேரம் தமிழில் நடந்தது. சபாபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நூர் முகம்மது. பாசார்ச் சந்தைக்குப் போகும் வழியில் துணிக்கடை வைத்திருந்தார். அவர் குனிந்து, "சட்டம் நாளையிலேருந்தா அண்ணே?" என்று கேட்டார். சபாபதிக்கும் தெரியவில்லை.

வாத்தியாராக வந்தவர் நாகையா. கிள்ளானில் ஒரு சின்ன ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். ஒல்லியான மனிதர், ஒரே கோட்டு. மாணவர்கள் பதினொரு பேரும் தாடி மீசை உள்ள பெரியவர்கள் என்பதால் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். ஆனால் அதையும் சொல்ல அவருக்கு அறைக்குள் அனுமதியில்லை.

சட்டப்படியே பாடம் நடந்தது. 'புக்' என்று புத்தகத்தைக் காட்டினார், புரிந்தது. 'விண்டோ' என்று ஜன்னலைக் காட்டினார், அதுவும் புரிந்தது. நான்காம் நாள் 'எஸ்டர்டே' என்ற சொல் வந்தது. நேற்று என்பதை ஜன்னலைப்போல் காட்ட முடியாது. நாகையா கையை மேலே தூக்கிச் சூரியனை மெல்ல இறக்கினார். மேஜைமேல் தலை சாய்த்துக் கண்ணை மூடினார். பிறகு எழுந்து சோம்பல் முறித்து, சூரியனை மறுபடி ஏற்றி, கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினார். வகுப்பு அவரை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது. எஸ்டர்டே என்றால் தூக்கம் என்று பதினொரு பேரும் மனத்தில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் கூட்ஸ் செட்டில் மேலதிகாரி துரை, கையில் ஏட்டோடு வந்து சபாபதியிடம், "யூ ஒர்க் எஸ்டர்டே?" என்று கேட்டார். 'ஒர்க்' என்றால் வேலை என்று சபாபதிக்குத் தெரியும். வேலை நேரத்தில் தூங்குகிறாயா என்று கேட்கிறார் என்று நினைத்து அவனுக்கு உடம்பெல்லாம் பதறியது.

"நோ சார்! நோ எஸ்டர்டே! நெவர் எஸ்டர்டே!" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்.

துரை அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நேற்று வேலைக்கு வரவில்லை என்று ஏட்டில் குறித்துக்கொண்டு போனார். ஆங்கிலத்தில் அவன் சொன்ன முதல் பதிலால், முதுகொடிய வேலை செய்த ஒரு நாள் இல்லாமல் போயிற்று. இரண்டு நாள் அப்படிப் போனால் பட்டியலில் பேர் ஏறும் என்று கூடவேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் நாகையாவைக் கண்டு சபாபதி விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது. நாகையா சிரிக்கவில்லை.

"என்னாலயா உங்களுக்கு ஒரு நாளு போச்சு?" என்று கேட்டார்.

"உங்களால என்ன சார். எனக்குத்தான் மண்டையில ஏறல."

நாகையா வகுப்புக்குள் போனார். கரும்பலகையில் 'எஸ்டர்டே' என்று எழுதினார். சாக்குக்கட்டியை வைத்துவிட்டு, வாசற்படியைத் தாண்டி வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, உள்ளே பார்த்து, "நேத்து" என்றார். மறுபடி உள்ளே வந்து சாக்குக்கட்டியை எடுத்தார்.

பதினொரு பேர் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் 'ஆ' என்று வந்தது.

அதற்குப் பிறகு பாடம் வேகமாக நடந்தது. ஒரு சாயங்காலத்தில் நாகையா முப்பது, நாற்பது தடவை வெளியே போய் வருவார். இறந்தகாலம் முழுவதையும் தாழ்வாரத்தில் நின்றே விளக்கினார். தமிழ் போதாத இடத்தில் மலாயில் ஒரு வார்த்தை சொல்வார். அதையும் வெளியே போய்த்தான் சொல்வார். சட்டத்தில் எல்லா பாஷைகளும் சமம்.

"சாரு, அங்கேயே நின்னு சொல்லிக்குடுங்களேன், கால் வலிக்கப்போகுது லா," என்றார் நூர் முகம்மது.

நாகையா வெளியே போனார். "கரும்பலகை உள்ள இருக்கே பாய்," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

இரண்டு மாதத்தில் சபாபதிக்கு வாக்கியங்கள் வர ஆரம்பித்தன. துரை கேட்பதில் பாதி விளங்கியது. வீட்டில் லெட்சுமியிடம், 'டுடே', 'எஸ்டர்டே' என்று சொல்லிக்காட்டினான். ராத்திரி சோறு போடும்போது அவள், "இன்னைக்கு மீனு எஸ்டர்டே மீனு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

இந்த முன்னேற்றம் செயலாளரின் காதுக்கு எட்டியது. உடனே நிர்வாகக் கமிட்டி கூடியது. கழகத்தின் தலைவர் மர வியாபாரி பழனியப்பன். நல்ல மனிதர், கட்டடத்துக்கு வாடகை கொடுப்பவர், ஆங்கிலம் தெரியாதவர். மற்ற மூவரும் அப்படியே. அவர்கள் தமிழில் விவாதித்து, ஆங்கிலத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள்: வகுப்பறை என்பது தாழ்வாரத்தையும் சேர்த்ததேயாகும். பழனியப்பன் கையெழுத்துப் போட்டார்.

நாகையா தீர்மானத்தைப் படித்தார். மறுநாள் படிக்கட்டில் நான்கு படி இறங்கி நின்று சொன்னார். அடுத்த வாரம் படிக்கட்டும் வகுப்பறை ஆயிற்று. அதனால் அவர் முழுவதும் இறங்கித் தெருவுக்குப் போய், ஜன்னலுக்கு நேரே நின்று, மேலே பார்த்துக் கத்தினார். மாணவர்கள் ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"'ஹேஸ்'னா இப்ப இருக்கு! 'ஹேட்'னா இருந்துச்சு, இப்ப இல்ல!"

தெருவில் ரிக்‌ஷாக்காரர்கள் நின்று கேட்டார்கள். கச்சான் கடலை விற்பவன் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டான். சலவைக்காரருக்கு ஒரே மாதத்தில் நல்ல தேர்ச்சி. ஒரு கோட்டுக்காரரிடம், "காலர்ல கறை 'ஹேஸ்' சார். வெள்ளிக்கிழமை வாங்க, 'ஹேட்' ஆக்கிடுறேன்," என்று சொன்னாராம். மழை பெய்த நாட்களில் நாகையா குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் குடை இல்லை. அன்றும் நின்றார்.

கமிட்டி மூன்றாம் முறை கூடியது. வாத்தியாரின் குரல் எங்கிருந்து எழுந்தாலும் அது வகுப்பறைக்குள் எழுந்ததாகவே கருதப்படும் என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவந்தார்.

"அப்ப அவரு வீட்டுல சம்சாரத்துக்கிட்ட பேசுனா?" என்று பழனியப்பன் கேட்டார்.

"அதைப் பற்றி ஓர் உபகமிட்டி யோசிக்கும்," என்றார் சிவக்கொழுந்து.

அந்தச் சமயத்தில்தான் கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வந்து ஒவ்வொருவரையும் சோதித்து, தகுதி உள்ளவர்களுக்குப் பத்திரம் எழுதிக்கொடுப்பார். கூட்ஸ் செட்டில் பட்டியல் அதற்கு அடுத்த வாரம் வெளிவர இருந்தது.

செயலாளர் மாணவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார். 'வீ லேர்ன் பை இங்கிலீஷ் ஒன்லி, சார்.' இன்ஸ்பெக்டர் துரை எது கேட்டாலும் இதைச் சொன்னால் போதும் என்றார். நாகையாவிடம், புதன்கிழமை முழுவதும் வாயைத் திறக்கவே வேண்டாம் என்றும் சொன்னார். நாகையா தலையாட்டினார்.

இன்ஸ்பெக்டர் வயதானவர், சாதுவானவர். சலவைக்காரரிடம் மலாயில் வழி விசாரித்துத்தான் மேலே வந்தார். அழகான மலாய். மலாயை அவர் ஆங்கிலத்தில் அர்த்தம் போட்ட புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டதாகப் பின்னால் தெரியவந்தது.

முதலில் நூர் முகம்மதை அழைத்துப் பெயர் என்ன என்று கேட்டார். நூர் முகம்மது நெட்டுருப் போட்ட வாக்கியத்தை முழங்கினார். இன்ஸ்பெக்டர் மறுபடி, கொஞ்சம் மெதுவாக, பெயரைக் கேட்டார். நூர் முகம்மது அதே வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தாளில் ஒரு கோடு போட்டார். அடுத்தவனும் அதையே சொன்னான், அவனுக்கும் கோடு. மூன்றாவது ஆள் சபாபதி.

இன்ஸ்பெக்டர் தாளை மூடிவைத்துவிட்டு, சினேகமாக ஒரு கேள்வி கேட்டார். கடினமான சொல் வந்தால் உங்கள் வாத்தியார் அதை எப்படி விளக்குவார்?

சபாபதிக்குக் கேள்வி விளங்கியது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அதுவே அவனுக்கு ஒரு மயக்கம்போல் இருந்தது. அறை மூலையில் நாகையா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அவர் தலையை லேசாக, ஈ ஓட்டுவதுபோல், அசைத்தார். வேண்டாம் என்று அர்த்தம். அதுவும் விளங்கியது. செயலாளரின் வாக்கியத்தைச் சொன்னால் ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் கப்பல். இவ்வளவையும் யோசிக்க அவனுக்கு நேரம் இருந்தது. பிற்பாடு பல நாள் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முயன்றதுபோல் அது வாய்தவறி வந்ததல்ல.

"ஹீ கோஸ் அவுட், சார்," என்றான். "ஹீ ஸ்டேண்ட்ஸ் இன் தி ரோட். ஹீ ஸ்பீக்ஸ் டமில். தென் வீ அண்டர்ஸ்டேண்ட்."

நான்கு வாக்கியம். ஒரு பிழை இல்லை. வெளியே போகிறார், தெருவில் நிற்கிறார், தமிழில் பேசுகிறார், பிறகு எங்களுக்குப் புரிகிறது.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்து, "வெரி குட்" என்றார். செயலாளர் தம் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நாகையாவின் முகத்தில் ஒரு கணம் வாத்தியாருக்கே உரிய சந்தோஷம் வந்தது. வினைச்சொல்லின் கடைசியில் 'ஸ்' மூன்று இடத்திலும் சரியாக விழுந்திருந்தது. பிறகுதான் அந்த முகம் மாறியது.

ஏழு பேர் தேறினார்கள். இன்ஸ்பெக்டர் தம் அறிக்கையில் வாத்தியாரைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தார்: அவர் தமிழைப் பலனோடு பயன்படுத்துகிறார். செயலாளர் இதைக் கமிட்டிக்கு விளக்கும்போது, "பலனை நாம் அனுபவிக்க வேண்டிவரும் என்று துரை நாசூக்காக எச்சரிக்கிறார்," என்றார். கமிட்டி நடுங்கிப்போயிற்று. விசாரணை என்று முடிவாயிற்று. விசாரணை முடிந்த பிறகே பத்திரங்கள் விநியோகிக்கப்படும் என்றும் முடிவாயிற்று. ஏழு பத்திரங்களும் செயலாளரின் மேஜை இழுப்பறையில் பூட்டிக்கிடந்தன.

குற்றப்பத்திரிகை மூன்று பக்கம், ஆங்கிலத்தில். கமிட்டியில் அதைப் படிக்கத் தெரிந்தவர் செயலாளர் ஒருவர்தான். அவரோ குற்றம் சாட்டுபவர். அவரே மொழிபெயர்ப்பது முறையல்ல என்று அவரே ஆட்சேபித்தார். கழகத்தின் முதல் மாணவன் மொழிபெயர்க்கட்டும் என்றார். சபாபதியைக் கூட்ஸ் செட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவன் மூட்டைத் தூசியோடு வந்து நின்றான்.

அதே வகுப்பறை. மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். மாணவர் பெஞ்சில், முன்வரிசையில், நாகையா.

சபாபதி ஒரு வரி ஆங்கிலத்தில் படிப்பான். அதைத் தமிழில் சொல்வான். வகுப்பறைக்குள் தமிழ் பேசினார் என்று தமிழில் சொன்னான். தாழ்வாரத்தில் தமிழ் பேசினார் என்று சொன்னான். படிக்கட்டில் என்று சொன்னான். "இங்கிலீஷும் தமிழும் எவ்வளவு தெளிவாச் சொல்றாரு!" என்று பழனியப்பன் மெச்சினார். சபாபதிக்குக் காது சுட்டது. நாகையாவின் பக்கம் பார்க்காமல் இருக்கத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். இரண்டாம் பக்கத்தில் ஒரு நீளமான சொல் வந்தது. கிளாண்டெஸ்டைன்லி. இரண்டு தடவை படித்தான். தெரியவில்லை.

பெஞ்சில் யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. நாகையா எழுந்து, கமிட்டிக்கு ஒரு கும்பிடு போட்டு, வாசற்படியைத் தாண்டித் தாழ்வாரத்தில் போய் நின்றார்.

"ரகசியமா," என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ரகசியமா," என்றான் சபாபதி.

"நடுத்தெருவுல நின்னு கத்துனதா ரகசியம்?" என்று பழனியப்பன் கேட்டார்.

"சட்டப்படி ரகசியம்," என்றார் சிவக்கொழுந்து. விசாரணை நடக்கும்போதே, கமிட்டியின் முன்னிலையிலேயே, எதிரி தம் குற்றத்தை மறுபடி செய்தார் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு விவாதிக்க ஒன்றுமில்லை. நாகையாவைக் கேட்டார்கள். "அவரு நல்லா மொழிபெயர்த்தாரு," என்றுமட்டும் சொல்லிவிட்டுத் தம் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பத்திரம் வழங்கும் விழாவில் செயலாளர் பேசினார். "இந்த ஏழு பேரின் வெற்றிக்குக் காரணம் ஒன்றே. நாம் தமிழை வெளியேற்றினோம்! இதை நான் ஆங்கிலத்தில் சொல்லத்தான் விரும்பினேன். ஆனால் தேறியவர்களுக்கும் புரிய வேண்டுமே!" என்றார். சபாபதிக்கு மாலை போட்டார்கள்.

வீட்டில் லெட்சுமி பத்திரத்தை ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"வாத்தியாரு வந்திருந்தாரா?"

"வரல."

"அவரை நிறுத்திட்டாங்கன்னு நூர் பாய் கடையில பேசிக்கிட்டாங்களே. யாரோ காட்டிக் குடுத்துட்டாங்களாமே?"

"தொரை ஒரு கேள்வி கேட்டாரு," என்றான் சபாபதி. "பதில் சொன்னேன்."

லெட்சுமி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கப்பல் இல்லை என்ற நிம்மதியும் அவள் முகத்தில் இருந்தது; அதை அவளால் மறைக்க முடியவில்லை. பத்திரத்தைப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தாள். மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

வேலை நிலைத்தது. சபாபதி இப்போது மூட்டை தூக்குவதில்லை. வண்டி நம்பர்களை எழுதினான். கூட வேலை செய்த முப்பத்திரண்டு பேர் கப்பலேறினார்கள். நாகையா கிள்ளானில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுப்பதாக நூர் முகம்மது ஒரு நாள் சொன்னார்.

சபாபதிக்கு அவரிடம் சொல்ல வேண்டிய சொல் தெரிந்திருந்தது. ஆனால் தமிழில் அதைச் சொல்லிப் பார்க்க முடியவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு என்ன என்று கூட்ஸ் செட்டுக் கிராணியிடம் கேட்டான். அவர் சொன்ன சொல்லை வைத்து ஒரு வாக்கியம் கட்டி, ஒரு வாரம் சொல்லிப் பார்த்தான். ஆங்கிலத்தில் சொன்னால் வாத்தியாருக்கும் மரியாதையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கிள்ளானுக்கு ரயிலேறினான்.

ஸ்டேஷனுக்கு எதிரே கடைகளின் முன்னாலிருந்த அஞ்சடித் தாழ்வாரத்தில், கவிழ்த்த மரப்பெட்டிமேல் காகிதம் வைத்து நாகையா எழுதிக்கொண்டிருந்தார். அதே கோட்டு. முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் தோட்டத்து ஆட்கள். தன்னை அனுப்ப வேண்டாம், தன் பெண்சாதி மாசமாக இருக்கிறாள் என்று ஒருவன் தமிழில் சொல்ல, நாகையா ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியதைத் தமிழில் படித்துக்காட்டினார். இடையில் ஒரு சீனர் வந்து மலாயில் ஏதோ கேட்டார். தலை நிமிராமலே மலாயில் பதில் சொன்னார். மூன்று பாஷைக்கும் அவர் எழுந்திருக்கவேயில்லை.

சபாபதி வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது.

"சார்," என்றான். "ஐ ஆம் வெரி அஷேம்ட், சார்."

நாகையா நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். பேனாவைக் கீழே வைத்தார்.

"வாக்கியம் சரியா இருக்கு," என்றார். "அர்த்தம் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தமிழ்ல சொல்லுங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. வகுப்பில் கேட்பதுபோல்தான் கேட்டார். சபாபதி வாயைத் திறந்தான். இரண்டு சின்னச் சொல். பிள்ளைகள்கூடச் சொல்லும் சொல். உதடு வரைக்கும் வந்து நின்றது. நாகையா காத்திருந்தார். தெருவில் ஒரு லோரி போயிற்று. அது போன பிறகும் சபாபதி அப்படியே நின்றான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு எதிரே இருந்த முகம் தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு பெண் அவன் முழங்கையைத் தொட்டாள். இடுப்பில் குழந்தை, கையில் மடித்த காகிதம்.

"அண்ணே, உங்களுக்கு முடிஞ்சிருச்சா? எனக்குக் கப்பலு திங்கக்கிழமை."

"முடிஞ்சிருச்சும்மா," என்று சபாபதி விலகி வழிவிட்டான்.

நாகையா புதிதாக ஒரு தாளை எடுத்து, அவள் பெயரைக் கேட்டார்.